ஊசி முதலில், பயணம் பிறகு!

நெஞ்சு வலியோடு ஒருவரைச் சின்ன ஊர் மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். இ.சி.ஜி. எடுத்ததும் மாரடைப்பு என்று தெரிகிறது. உடனே கிடைக்கும் பதில், "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க." குடும்பமும் அதையே நல்லது என்று நம்பிக் கிளம்புகிறது. ஆனால் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும் என்றால், அது நல்லதா?

மாரடைப்பில் என்ன நடக்கிறது? கரோனரி தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும். செத்த தசை மீண்டும் வளராது.

உறைந்த கட்டியைக் கரைக்க ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்து உண்டு. 1986-ல் வெளியான இத்தாலியின் கிஸ்ஸி ஆய்வில், வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இது கிடைத்தவர்களிடையே மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் 17,187 நோயாளிகள். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் கிடைக்காதவர்களில் ஐந்து வாரத்தில் 13.2 சதவீதம் பேர் இறந்தனர். இரண்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம்தான். இன்று டெனெக்டிபிளேஸ் என்ற மருந்தை ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம்.

பலூன் வைத்து அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி இதைவிடச் சிறந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது நேரத்தில் கிடைக்க வேண்டுமே! 120 நிமிடத்துக்குள் அது முடியாது என்றால், தடை ஏதும் இல்லாதவர்களுக்குக் கரைக்கும் மருந்தைப் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள்.

மூளையில் இரத்தக் கசிவு வருமே என்ற பயம் நியாயமானது. அதனால்தான் முன்பு மூளைக் கசிவு வந்தவர்கள், அண்மையில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் போன்றோரை விலக்கக் கேள்விப் பட்டியல் இருக்கிறது. இ.சி.ஜி.யில் எஸ்.டி. ஏற்றம் இல்லாத மாரடைப்புக்கும் இது உதவாது. பட்டியலைச் சரிபார்க்கச் சில நிமிடம் போதும். பயந்துகொண்டே நோயாளியை அனுப்பிவிட்டால் போகும் நேரமோ மணிக்கணக்கில்!

அதற்காக ஊசியோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. 2,420 நோயாளிகள். இணைத்த பிறகு, கரைக்கும் மருந்து பெற்றவர்களில் அதிகம் பேர் ஆஞ்சியோகிராமுக்குப் போய்ச் சேர்ந்தனர். ஓராண்டு மரண விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

ஆகவே சின்ன ஆஸ்பத்திரியா, பெரிய ஆஸ்பத்திரியா என்ற கேள்வியே தவறு. இரண்டும் வேண்டும், வரிசைதான் முக்கியம். இ.சி.ஜி. எங்கே எடுக்கப்படுகிறதோ, அங்கேயே மருந்தும் இருக்க வேண்டும். அதைப் போடும் துணிச்சலும், தொலைபேசியில் வழிகாட்ட ஓர் இதய மருத்துவரும் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகு கிளம்பட்டும்.