தேதிக்கும் அலகு உண்டு

நம் ஊர் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி ஐந்தாம் வெள்ளி. ஆடிக்கு 31 அல்லது 32 நாள்தான். முதல் வெள்ளி ஆடி 5-இல் வந்தால், ஐந்தாம் வெள்ளி ஆவணியில் போய் விழும். நமக்குக் குழப்பமில்லை. நாம் எண்ணுவது வெள்ளியை. கணினிக்கு அதைச் சொன்னால்தான் தெரியும்.

கடல், வானிலைத் தரவுகளோடு வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். ஆய்வாளர்கள் அலகு மாற்றப் பயன்படுத்தும் யூடியூனிட்ஸ் என்ற மென்பொருளுக்கு மாதம் என்பது ஆண்டில் பன்னிரண்டில் ஒரு பங்காம், அதாவது சுமார் 30.44 நாள். ஜனவரி 1-உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 1 வராது, ஜனவரி 31 காலை பத்தரை மணி வரும்! சில காலநிலை மாதிரிகளில் எல்லா மாதமும் 30 நாள். அங்கே பிப்ரவரி 30-ம் உண்டு. கணக்கு வசதிக்காக அப்படி வைப்பதில் தவறில்லை. எந்த நாட்காட்டி என்று கோப்பில் எழுதாமல் விடுவதுதான் தவறு.

நம் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1746-இல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனேயின் கப்பல்களை ஒரு புயல் நொறுக்கியது. புதுச்சேரி பிரெஞ்சுக் கணக்கில் அது அக்டோபர் 13 இரவு. ஆங்கிலேயர் கணக்கில் அக்டோபர் 2 இரவு. அவர்கள் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவில்லை, அதனால் 11 நாள் வித்தியாசம். இரண்டையும் அப்படியே பட்டியலில் ஏற்றினால் ஒரு புயல் இரண்டு புயலாகிவிடும். எக்செல்லோ 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே ஏற்காது.

"இது கணினிக்காரர் பாடு, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம் உலகப் பொது நேரப்படி 00:58-க்கு. நம் நேரம் காலை 6:28. 'யூடிசி' என்ற மூன்று எழுத்து விடுபட்டால், படிப்பவர் நள்ளிரவு என்றுதான் நினைப்பார். ஐந்தரை மணி நேரம் என்பது கட்டுமரம் கரையில் இருப்பதற்கும் கடலில் இருப்பதற்கும் உள்ள தூரம். அதனால்தான் வானிலைத் துறை தன் புயல் அறிக்கைகளில் இந்திய நேரத்தையும் உலகப் பொது நேரத்தையும் சேர்த்தே போடுகிறது. வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பும் நாம்தான் அதை வெட்டிவிடுகிறோம்.

விடையில் 'செ.மீ.' போடாத பிள்ளைக்கு அரை மதிப்பெண் குறைத்த ஆள் நான். ஆனால் 3/4 என்று தேதி எழுதினால், ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது என் குறைதான். இப்போது வகுப்பில் இருக்கும் ஆசிரியர்களாவது கேளுங்கள். தேதியும் ஓர் அளவுதான். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, எந்த நாட்காட்டி, எந்த ஊர் நேரம், இவை இல்லாத தேதி அலகில்லாத விடை.

மீனவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எச்சரிக்கைச் செய்தியைப் பகிரும்போது தேதியையும் நேரத்தையும் முழுசாக அனுப்புங்கள். 'இன்று இரவு' என்று மட்டும் வந்தால், எந்த இரவு என்று திருப்பிக் கேளுங்கள். அந்தச் செய்தி நேற்றையதாகவும் இருக்கலாம்.