மூட்டை உரமும் முன்னோர் பயறும்

நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களைப் பற்றி நம் எழுத்தாளர்கள் எழுதாத துயரம் இல்லை. கங்காணியின் குரலும், லயத்து வீட்டின் கூரையும், பால் வாளியின் பாரமும் கதைகளாகவும் கவிதைகளாகவும் நம் ஏடுகளில் நிறைந்து கிடக்கின்றன. ஆயின், அத்தோட்டங்களைத் தாங்கி நின்ற மண்ணைப் பற்றி நாம் எழுதியது எத்துணை? மரத்தைப் பாடினோம், மரத்தடியில் படர்ந்த கொடியை மறந்தோம். அக்கொடியின் இனமே இன்று உலக அறிவியல் அரங்கில் ஆராயப்படும் பொருளாக இருக்க, நம் வகுப்பறைகள் அதனை அறியாதிருப்பது நாணத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் முளைக்கலாகாது என்பது தோட்டத் துரைமாரின் கட்டளை. நம் பாட்டனும் பாட்டியும் மண்ணைச் சுரண்டிச் சுரண்டி மொட்டையாக்கினர். சரிவான நிலத்தில் பெய்த பெருமழை மேல்மண்ணை ஆற்றில் கொண்டு சேர்த்தது. பட்ட பின்னரே அறிவு பிறந்தது. 1925ஆம் ஆண்டில் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தோட்டத் துறையும், புவேரேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய பயற்றினக் கொடிகளை மூடுபயிராகப் பரப்பின. இளமரங்கள் நிழல் விரிக்கும் வரையில் இக்கொடிகள் மண்ணைப் போர்த்திக் காத்தன. எக்டருக்கு ஆண்டொன்றில் 150 கிலோ அளவுக்குக்கூடக் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்கு ஈட்டித் தந்தன என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். பின்னாளில் செம்பனை வந்தபோதும் கன்றுகளுக்கிடையே படர்ந்தவை இக்கொடிகளே.

பயற்றின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்களே இப்பணியைச் செய்கின்றன என்பதை எல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் 1880களில் நிறுவினர். காரணம் அறியாவிடினும் பயனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சோளத்தோடு தட்டைப்பயறு, கம்போடு துவரை, கேழ்வரகோடு மொச்சை எனத் தமிழகத்துப் புன்செய்க் காடுகளில் தானியமும் பயறும் தோழமை பூண்டு வளர்ந்தன. அந்தக் காடுகளை விட்டுக் கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களே நாம்.

இனி, இன்றைய வழக்குக்கு வருவோம். பயிர் நிலம் வெளியிடும் வளிகளுள் நைட்ரஸ் ஆக்சைடு கொடியது. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கரியமிலவாயுவுக்கு ஈடாகப் புவியைச் சூடாக்கும். நிலத்திலிடும் செயற்கை உரத்தின் நைட்ரசனில் நூற்றில் ஒரு பங்கு இவ்வளியாக வெளியேறும் என்பது பொதுக்கணக்கு. 100 கிலோ நைட்ரசன் இட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. அதாவது 400 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமிலவாயுவுக்கு ஈடு. மழையும் வெப்பமும் மிகுந்த நம் நாட்டில் இது இன்னும் கூடும். அவ்வுரத்தை ஆலையில் ஆக்குவதற்கு எரியும் இயற்கை எரிவாயு தனிக்கணக்கு.

“பயறும் நைட்ரசனைத்தானே சேர்க்கிறது? அதிலிருந்தும் அந்த வளி வராதா?” என வினவுவோர் உளர். வினா நேர்மையானது, அதனைக் கொண்டு பயற்றையும் உரமூட்டையையும் ஒரே தட்டில் நிறுத்துவதுதான் நேர்மையற்றது. வேர்முண்டில் நைட்ரசன் நிலைபெறும் செயலை நேரடி வெளியீடாகக் கொள்ளச் சான்று போதாது என்று, பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2006ஆம் ஆண்டு நெறிமுறைகளில் அதனைக் கணக்கினின்று நீக்கிவிட்டது. பயற்றின் தழை மட்கும்போது வளி வெளிப்படும் என்பது மெய். ஆனால் தானியம் அருகில் நின்றால், மண்ணில் தேங்கும் நைட்ரேட்டை அதன் வேர்கள் உறிஞ்சிக் கொள்கின்றன. மண்ணில் நைட்ரேட் குறையவே, பயறு தன் தேவைக்குக் காற்றையே மிகுதியாக நாடுகிறது. நைட்ரேட்டைச் சிதைத்து வளியாக்கும் நுண்ணுயிர்களுக்கும் இரை குறைகிறது. கலப்புப் பயிரின் நுட்பம் இதுவே.

ஆனால் ஒன்றை உரத்துக் கூறியாக வேண்டும். பயற்றை நட்டுவிட்டு, மூட்டை உரத்தையும் முன்போலவே கொட்டுவது ஊரை ஏய்க்கும் வேலை. பயறு தரும் நைட்ரசனைக் கணக்கிட்டு அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்தால்தான் வெளியீடு குறையும். குறைக்காவிடில் மிகுதி நைட்ரசன் வளியாகவும் நீரோடு கலந்தும் வீணாகும். “எங்கள் நிலத்தில் மூடுபயிர் உண்டு, ஆகவே நாங்கள் பசுமை காப்போர்” என்று பறைசாற்றும் எவரிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உரமூட்டை எத்தனை குறைந்தது?

இக்கேள்வியைக் கேட்கும் ஆற்றல் நம் மாணவர்க்கு உண்டா? 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்ற ஆணை வந்தபோது, தாய்மொழியே வேண்டும் என்று குரல் எழுப்பினோம். அக்கொள்கை 2012 முதல் படிப்படியாக விலகியது. மீண்ட உரிமையைக் கொண்டு என்ன செய்தோம்? மொழிபெயர்த்த பாடநூலில் எங்கோ விளையும் கோதுமையைக் காட்டுகிறோம். பள்ளி வேலிக்கு அப்பால் படரும் கொடிக்குப் பெயர் சொல்வதில்லை. வள்ளுவர் உழவுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை நாம் மனப்பாடப் பகுதியாக ஒதுக்கிவிட்டோம்.

ஆசிரியப் பெருமக்களே! இம்மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகள் பல தோட்டத்திலேயே பிறந்தவை. நீலாய் வட்டாரத்தில் தோட்டங்கள் பல நகரங்களாக மாறிவிட்டன. மண்ணை அறிந்த முதியோரும் அருகி வருகின்றனர். இரண்டு பாத்தி நிலம் போதும். ஒன்றில் மக்காச்சோளம் மட்டும். மற்றொன்றில் மக்காச்சோளமும் தட்டைப்பயறும். பயற்றுச் செடியை மெல்லப் பிடுங்கி வேர்முண்டைக் கீறிக் காட்டுங்கள். உட்புறம் செந்நிறமாயின் அது உழைக்கிறது என்று பொருள். கண்டதைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். தோட்டத்து அறிவை அறிவியலாக எழுதத் தெரியாத மொழி, தோட்டத்துத் துயரை மட்டுமே சுமந்து திரியும். அந்த நிலையைத் தமிழுக்கு நாம் தேடித் தரலாகாது.