மன்னிப்பதா, வழக்குப் போடுவதா? மனைவியை இழந்த டாக்டரின் 15 வருடப் போராட்டம்

அத்திப்பட்டு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு 'சிட்டிசன்' படம்தான் ஞாபகம் வரும். 2001-ல் வந்த அந்தப் படத்தில், வரைபடத்திலிருந்தே காணாமல்போன கிராமத்தின் பெயர் அத்திப்பட்டி. அதற்காக நியாயம் கேட்டுக் கிளம்புவார் அஜித். நிஜ அத்திப்பட்டு எங்கேயும் போகவில்லை. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் நின்று போகும் ஊர். பக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையம், துறைமுகத்துக்குப் போகும் லாரிகள். வீட்டில் யாருக்காவது பெரிதாக முடியாமல் போனால் ஸ்டான்லிக்கோ, கையில் காசிருந்தால் சென்னையின் தனியார் மருத்துவமனைக்கோ ஓடவேண்டும். போனவர் திரும்பாமல் ஸ்கேனும் ஃபைலும் மட்டும் பையில் திரும்பிவந்த வீடுகள் இந்தப் பக்கத்திலும் உண்டு, எல்லா ஊரிலும் உண்டு.

அந்த வீடுகளில் காரியம் முடிந்த கையோடு ஒரு பேச்சு வரும். "டாக்டர் ஒழுங்கா பார்த்திருந்தா பொழச்சிருப்பாங்க" என்பார் ஒருவர். "விடுப்பா, கேஸ் போட்டா போன உசுரு வந்துடுமா?" என்பார் வீட்டுப் பெரியவர். பெரும்பாலும் பெரியவர் சொன்னதே நடக்கும்.

இதே கேள்வி ஒரு டாக்டரின் வீட்டிலேயே வந்தால்?

குணால் சாஹா கொல்கத்தாவைப் பூர்வீகமாகக் கொண்டவர். அமெரிக்காவின் ஒஹாயோவில் எய்ட்ஸ் ஆராய்ச்சி செய்துவந்த மருத்துவர். மனைவி அனுராதா, குழந்தைகள் உளவியல் படித்தவர். 1998 ஏப்ரலில் உறவினர்களைப் பார்க்க இருவரும் கொல்கத்தா வந்தார்கள். வந்த இடத்தில் அனுராதாவுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. நகரின் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள். முதலில் ஓய்வெடுக்கச் சொன்னார். மே மாதம் தடிப்பு மறுபடி வந்தபோது 'டெப்போமெட்ரால்' என்ற ஸ்டீராய்டு ஊசியை எழுதிக்கொடுத்தார். உடம்பில் பல நாள் தங்கி மெதுவாக வேலைசெய்யும் மருந்து அது. அதை 80 மில்லிகிராம் அளவில், ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று நாள் போடச் சொன்னார்.

அனுராதாவின் நிலைமை மோசமானது. மே 11-ம் தேதி ஏ.எம்.ஆர்.ஐ மருத்துவமனையில் சேர்த்தார்கள். வந்திருந்தது 'டென்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அரிய நோய். தீக்காயம் பட்டதுபோல மேல்தோல் உரிந்து வரும், கிருமித்தொற்று சுலபமாகப் புகுந்துவிடும். 17-ம் தேதி விமான ஆம்புலன்ஸில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மே 28 அன்று அனுராதா இறந்தார். முப்பது வயதுகளில் இருந்த பெண்.

நம் வீட்டில் இப்படி நடந்தால், என்ன ஊசி போட்டார்கள் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. சாஹாவுக்கு மருந்தின் பெயர் தெரியும், அளவு தெரியும், அந்த மருந்து எப்படி வேலைசெய்யும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தும் மனைவியைக் காப்பாற்ற முடியவில்லை. ஒன்றும் தெரியாதவனின் துக்கத்தைவிட இது கனமானது.

அவர் 'விதி' என்று விடவில்லை. குடும்பத்தின் தரப்பில் கிரிமினல் புகார் ஒன்று, தேசிய நுகர்வோர் ஆணையத்தில் 77 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு மனு ஒன்று. தொகையைக் கேட்டு அப்போது பலர் புருவம் உயர்த்தினார்கள். பணத்தாசை என்றுகூடப் பேச்சு வந்தது.

கிரிமினல் வழக்கில் 2002-ல் கீழ் நீதிமன்றம் இரண்டு மருத்துவர்களுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2004-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2006-ல் நுகர்வோர் மனுவும் தள்ளுபடி. எட்டு வருடம் அலைந்தும் கையில் ஒன்றுமில்லை. இந்த இடத்தில் நம்மில் பலர் "போதும்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டிருப்போம். சாஹா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

2009 ஆகஸ்ட் 7-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். மருத்துவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று விடுதலையை உறுதிசெய்தது. அதே மூச்சில், சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தது, அதற்கு இழப்பீடு தந்தாக வேண்டும் என்றும் சொன்னது. உயிரைக் காப்பாற்ற முயன்ற டாக்டரைக் கொலைகாரனோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அதற்காக நடந்த தவறை நடக்கவே இல்லை என்றும் சொல்லக் கூடாது. வீட்டில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதில் இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது என்று ஒரு நீதிமன்றம் சொன்ன மாதிரி இருந்தது.

இழப்பீட்டைக் கணக்கிட வழக்கு மறுபடி நுகர்வோர் ஆணையத்துக்கு வந்தது. 2011-ல் சுமார் 1.7 கோடி என்று முடிவானது. ஆனால் அதில் 10 சதவிகிதத்தைக் கழித்தார்கள். காரணம், சிகிச்சையில் சாஹாவும் தலையிட்டாராம். எதிர்த்தரப்பு ஆரம்பத்திலிருந்தே வைத்த வாதம் இது: 'நீங்களும் டாக்டர்தானே, கூடவே இருந்தீர்களே!' கழிக்கப்பட்ட தொகை 17 லட்சத்தைச் சொச்சம்தான். ஆனால் ஒரு கணவனுக்கு அந்த 10 சதவிகிதத்தின் அர்த்தம் வேறு. உன் மனைவியின் சாவில் உனக்கும் பங்குண்டு என்று எழுதிக்கொடுத்த தாள் அது.

மறுபடி உச்ச நீதிமன்றம். தன் வழக்கை அவரே நின்று வாதாடினார். 2013 அக்டோபர் 24-ல் அந்த 10 சதவிகிதக் கழிவை நீதிமன்றம் ரத்து செய்தது. இழப்பீடு 5.96 கோடியானது. 6 சதவிகித வட்டியோடு சேர்த்தால் ஏறக்குறைய 11 கோடி. பெரும்பங்கைத் தரவேண்டியது மருத்துவமனை. இந்தியாவில் மருத்துவக் கவனக்குறைவுக்கு அதுவரை இவ்வளவு பெரிய தொகை தரப்பட்டதில்லை. மனைவி இறந்து பதினைந்தரை வருடம் கழித்து வந்த தீர்ப்பு. இதற்கு நடுவே, தன்னைப்போலப் பாதிக்கப்பட்டவர்களுக்காக 'பீப்பிள் ஃபார் பெட்டர் ட்ரீட்மென்ட்' என்ற அமைப்பையும் தொடங்கியிருந்தார் சாஹா.

அவர் ஏன் மன்னிக்கவில்லை என்று கேட்பது சுலபம். மன்னிக்க வேண்டுமென்றால், எதிரில் இருப்பவர் 'தவறு நடந்துவிட்டது' என்று முதலில் சொல்ல வேண்டாமா? தவறே நடக்கவில்லை என்று வருடக்கணக்கில் வாதாடும் ஒருவரை எதற்காக மன்னிப்பது?

மன்னிப்பு பற்றிப் பேசும்போது உலகம் அடிக்கடி சொல்லும் பெயர் இன்னொரு மருத்துவருடையது. இஸ்ஸல்தீன் அபுலைஷ், காசாவில் பிறந்த மகப்பேறு மருத்துவர். இஸ்ரேலிய மருத்துவமனையிலும் வேலை பார்த்தவர். 2009 ஜனவரி 16 அன்று இஸ்ரேலிய ராணுவத்தின் டாங்கிக் குண்டு அவர் வீட்டில் விழுந்ததில் பெஸான், மயார், ஆயா என்ற மூன்று மகள்களும், அண்ணன் தம்பி வழிப் பெண் நூரும் இறந்தார்கள். நான்கே மாதத்துக்கு முன்புதான் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்தார். 'நான் வெறுக்க மாட்டேன்' என்று சொன்னார், அதே தலைப்பில் புத்தகமும் எழுதினார். மகள்கள் நினைவாகப் பெண்கள் படிக்க உதவும் அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறார்.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. அவரும் வழக்குப் போட்டார். இஸ்ரேலிய அரசு பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்க வேண்டும், இழப்பீடு தர வேண்டும் என்பதுதான் கோரிக்கை. போர் நடவடிக்கை என்று சொல்லிக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. வெறுப்பை விட்டவர் கேள்வியை விடவில்லை.

இரண்டையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பார்த்தோம். தாய்க்குத் தரப்பட்ட சிகிச்சை சரியில்லை என்று நினைத்த ஓர் இளைஞர், புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். நல்லவேளை, மருத்துவர் பிழைத்துக்கொண்டார். மருத்துவமனைகளில் வன்முறையில் இறங்கினால் மூன்று முதல் பத்து ஆண்டு வரை சிறை என்று தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் கத்தி உள்ளே வந்தது.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 வாக்கில் வேறு மாதிரி யோசித்தது. தவறு நடந்தால் வக்கீலுக்குப் போன் போடுவதற்கு முன் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்து நடந்ததைச் சொல்வது, வருத்தம் தெரிவிப்பது, நியாயமான தொகையைத் தாங்களே தருவது. 'உண்மையைச் சொன்னால் வழக்குகள் குவியும்' என்றுதான் பலரும் பயந்தார்கள். வழக்குகள் குறைந்தன. மருத்துவச் செலவு எகிறிக்கிடக்கும் நம் ஊரில் இது நடக்குமா என்றால், உடனே நடக்காது. ஆனால் ஒரு டியூட்டி டாக்டர் ஐ.சி.யு வாசலில் ஐந்து நிமிடம் நின்று பேசினாலே பாதிக் கோபம் இறங்கிவிடும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்கக் காத்திருந்தவர்களுக்கு இது தெரியும்.

கேட்க வேண்டும் என்று முடிவுசெய்யும் குடும்பங்களுக்குச் சில விஷயங்கள். சிகிச்சை ஆவணங்களை எழுத்துபூர்வமாகக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான ஒழுங்குமுறை விதி. கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. புகாரை இரண்டு வருடத்துக்குள் தரவேண்டும். அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்துக்காரர்கள் திருவள்ளூரில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் இந்தச் சட்டத்தில் வராது. மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மாநில மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம்.

வழக்கே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் அந்த 72 மணி நேர விதியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதற்குக் காரணம் எதுவும் சொல்லவேண்டியதில்லை.