துகள் தாரை ஆய்வும் மாத்தளை மாணவரும்

அணுவினும் நுண்ணிய துகள்களை ஆராயும் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுகூடத்துடன் இலங்கை 2017ஆம் ஆண்டு ஒத்துழைப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் பயன் தலைநகரப் பல்கலைக்கழகங்களைத் தாண்டி, மாத்தளை மாவட்டத்தின் தோட்டப்புற மாணவரையும் எட்டுமா என்பது இன்று கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

செர்னில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள நிலத்தடிச் சுரங்கத்தில் புரோத்தன்கள் ஒளியின் வேகத்தை அண்மித்த வேகத்தில் மோதவிடப்படுகின்றன. மோதலில் சிதறும் குவார்க்குகள் தனித்து நிற்க இயலாதவை. அவை விலக முற்படும்போது, இடையிலுள்ள ஆற்றலே புதிய துகள்களாக உருவெடுக்கிறது. இவ்வாறு ஒரே திசையில் பாயும் துகள் கூட்டமே தாரை எனப்படுகிறது. மூலத் துகளைக் கருவிகள் காண்பதில்லை. தாரையின் திசையையும் ஆற்றலையும் கொண்டே அதனை அறிய முடிகிறது.

1979இல் ஹம்பேர்க் நகரின் ஆய்வுகூடத்தில் ஒரே மோதலில் மூன்று தாரைகள் தென்பட்டமையே, குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான் துகளுக்கு நேரடிச் சான்றாக அமைந்தது. 2012இல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகள் அடிக் குவார்க்குகளாகச் சிதைவது 2018இல் உறுதியானதும் தாரைகளின் துணையுடனேயே.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றுண்டு. 2014ஆம் ஆண்டு முதல் செர்ன் தனது மோதல் தரவுகளின் ஒரு பகுதியை எவரும் இலவசமாகப் பெறும் வகையில் இணையத்தில் வெளியிட்டு வருகிறது. அத்தரவுகளைக் கொண்டு, அப்பரிசோதனைக் குழுவைச் சாராத அமெரிக்க ஆய்வாளர்கள் தாரைகளின் உள்ளமைப்பை ஆராய்ந்து 2017இல் கட்டுரை வெளியிட்டனர். பல்லாயிரம் கோடி செலவில் அமைந்த பரிசோதனையின் பெறுபேறு இன்று ஒரு கணினிக்கும் இணைய இணைப்புக்கும் எட்டும் தொலைவில் உள்ளது. ஆனால் அதைப் படித்தறியக் கணிதமும் பௌதிகவியலும் வேண்டும்.

இடைவெளி அங்கேதான் தொடங்குகிறது. இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ போன்ற பகுதிகளின் தோட்டப்புறப் பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் இல்லை. தமிழ்மொழி மூல பௌதிகவியல், கணித ஆசிரியர் பற்றாக்குறை மலையகம் எங்கும் நெடுங்காலமாக நீடிக்கும் குறையாகும். ஆர்வமுள்ள மாணவர் நகரப் பாடசாலையை நாட வேண்டும். போக்குவரத்துச் செலவும் தனியார் வகுப்புக் கட்டணமும் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குச் சுமையாகின்றன. ஈற்றில் பலர் கலைப்பிரிவைத் தேர்ந்தெடுப்பது விருப்பினால் அன்று, வேறு வழியின்மையாலேயே.

பல்கலைக்கழக அனுமதியில் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென 5 வீத இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. நுவரெலியாவும் பதுளையும் அதில் அடங்கும், மாத்தளை அடங்காது. நகரப் பாடசாலைகளின் பெறுபேறுகள் மாவட்டத்தின் சராசரியை உயர்த்திக் காட்ட, தோட்டப்புறத்தின் பின்னடைவு புள்ளிவிபரங்களுள் மறைந்துவிடுகிறது.

அயல்நாடான இந்தியா 2017இல் செர்னின் இணை உறுப்பு நாடானது. அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் செர்னின் உணர்கருவிப் பகுதிகளை உருவாக்குவதில் பங்கேற்றிருந்தது. உடன்படிக்கைக்கு முன்பாகவே ஆட்பலம் வளர்க்கப்பட்டது என்பதே இதிலுள்ள பாடம்.

மாத்தளையில் செய்ய வேண்டியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. பிரதேசத்துக்கு ஒரு தோட்டப்புறப் பாடசாலையிலேனும் கணித, விஞ்ஞான உயர்தரப் பிரிவைத் தொடங்கி, ஆசிரியரைக் குறித்த காலம் அங்கேயே பணியாற்றச் செய்தல் முதற்படியாகும். திறந்த தரவுகளைப் பயன்படுத்தும் பயிற்சியைப் பல்கலைக்கழகங்கள் தமிழிலும் நடத்தலாம். அனுமதி ஒதுக்கீட்டை மாவட்ட அளவில் மட்டுமன்றி, பாடசாலை வசதிகளின் அடிப்படையிலும் மீளாய்வு செய்வது அவசியம்.

வாய்மொழியாய்ப் பேணப்பட்ட பௌத்த மறைநூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் மாத்தளையின் அலுவிகாரை என்பர். அறிவு அழியாதிருக்க எழுத்து போதும். அது எல்லோரையும் சென்றடைய, வாசிக்கக் கற்றுக்கொடுப்போரும் வேண்டும். உலகம் தன் தரவுகளைத் திறந்து வைத்துவிட்டது. நமது பாடசாலைகளின் கதவுகளைத் திறப்பது நமது பொறுப்பாகும்.