காத்திருப்போரின் கணக்கு

எங்கள் மலைப்பங்கில் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை. எளிய வீடொன்றிற்குத் திருமணம் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் பிற்பகல் நான்கு மணிக்கு வந்துவிட்டனர். பங்குத்தந்தை என்ற முறையில் நானும் அழைக்கப்பட்டிருந்தேன். பெண்ணின் தந்தையை மட்டும் காணோம். அவர் கோல்ஃப் களத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப்பையைச் சுமந்து பிழைப்பவர். காலை பதினோரு மணிக்கு நால்வரோடு புறப்பட்டவர். நான்கு மணி நேர ஆட்டம். மூன்று மணிக்கு வீடு திரும்பி, முகங்கழுவிச் சட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் போட்ட கணக்கு. வீட்டில் இருமுறை காப்பி வந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஐந்து மணிக்கு மேல், புல்லும் மண்ணும் ஒட்டிய காலோடு ஓடிவந்த அந்த மனிதர், வந்திருந்தோர் அனைவரையும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒவ்வொரு அடிக்கும் ஓர் ஆராய்ச்சி, சாமி. நான் என்ன செய்ய முடியும்?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவர் அவர் அல்லர். கேட்டிருக்க வேண்டியவர்களோ அந்நேரம் தங்கள் ஆட்டத்தின் சிறப்பைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்திருப்பார்கள். அன்று எழுந்த சினம் இன்னும் தணியவில்லை. ஆகவேதான், நான் ஒருபோதும் ஆடியறியாத ஒரு விளையாட்டைப் பற்றி எழுதத் துணிகிறேன். ஆடியதில்லையே தவிர, விதிகளைத் தேடிப் படித்தேன். திருச்சபைச் சட்டம் பயின்றவனுக்கு எந்த விதிநூலும் அந்நியமன்று.

கோல்ஃப் அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். பரந்த புல்வெளியில் பதினெட்டுக் குழிகள். சிறு பந்தை மட்டையால் அடித்து அடித்து ஒவ்வொரு குழியிலும் சேர்க்க வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவர் வெல்வார். பெரும்பாலும் நால்வர் ஓர் அணியாகச் செல்வர். அவர்களுக்குப் பின்னால் சில நிமிட இடைவெளியில் அடுத்த அணி, அதற்கும் பின்னால் இன்னொன்று. முன்னே செல்வோர் நகர்ந்தால்தான் பின்னே வருவோர் அடிக்கலாம். பை சுமப்போரை ஆங்கிலத்தில் 'கேடி' என்பர். நம் தமிழில் அச்சொல் யாரைக் குறிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆதலால் நான் அவர்களைச் சுமப்பாளர் என்றே எழுதுகிறேன்.

இப்போது ஓர் எளிய கணக்கு. பொழுதுபோக்காக ஆடும் ஒருவர் பதினெட்டுக் குழிகளுக்கும் சேர்த்து 90 அடிகள் அடிக்கிறார் எனக் கொள்வோம். நால்வருக்கு 360 அடிகள். ஒவ்வோர் அடிக்கும் தேவைக்கு மேல் வெறும் 10 விநாடி எடுத்துக்கொண்டால் 3,600 விநாடி. அதாவது முழுமையாக ஒரு மணி நேரம். கையுறையைக் கழற்றி மாட்டுவதற்கும், புல்லைக் கிள்ளிக் காற்றில் எறிந்து பார்ப்பதற்கும், இன்னுமொரு முறை மட்டையை வெறுமனே வீசிப் பார்ப்பதற்கும் ஆகும் நேரம் அந்தப் பத்து விநாடி. அந்நால்வருக்குப் பின்னால் எட்டு அணிகள் வந்தால் 32 ஆட்டக்காரர். ஆளுக்கொரு சுமப்பாளர் எனில் 64 பேர். நால்வர் கூடி அறுபத்து நான்கு மனித மணி நேரத்தைத் தின்றுவிட்டனர். இதில் திட்டமிட்ட தீமை எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் பத்து விநாடிதானே எடுத்தார்! நம் காலத்துப் பாவங்களுள் பல இப்படிப்பட்டவையே: தனித்தனியே பார்த்தால் அற்பம், சேர்த்துப் பார்த்தால் அநீதி.

அநீதி என்ற சொல்லை ஆய்ந்தே எழுதுகிறேன். மெதுவான ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் அதனை நாகரிகக் குறைவு என்ற அளவில் நிறுத்திவிடுகின்றனர். ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கு உரியதைக் கொடுக்கும் நிலையான மனவுறுதியே நீதி என்று புனித தாமஸ் அக்குவினாஸ் வரையறுத்தார். ஒருவனுக்கு உரியவற்றுள் காலத்தைவிட அவனுக்கு நெருக்கமானது எது? பறித்த பணத்தைத் திருப்பித் தரலாம். பறித்த பிற்பகலை எவராலும் திருப்பித் தர இயலாது. ஏழாம் கட்டளையை நாம் பெட்டிக்கும் பணப்பைக்கும் மட்டும் உரியதாக்கிவிட்டோம். பிறருடைய நேரத்தை அவருடைய இசைவின்றி எடுத்துக்கொள்வதும் அக்கட்டளையின் எல்லைக்குள் வராதா?

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றை நான் அறியாதவனல்லேன். "விளையாட்டு ஓய்வுக்காகத்தானே? அங்கும் என்ன அவசரம்?" என்பது முதல் வாதம். ஓய்வின் மேன்மையை நான் மறுக்கவில்லை. ஜெர்மானியக் கத்தோலிக்க மெய்யியலார் யோசப் பீப்பர் 1948-இல் ஓய்வைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். ஓய்வு என்பது சோம்பல் அன்று, உள்ளத்தின் விழிப்பான அமைதி என்பதே அவருடைய நிலைப்பாடு. தன்னைச் சுற்றி இருப்போரை மறந்துவிடுவது எவ்வகை விழிப்பு? மேலும், ஒருவருடைய ஓய்வு பின்னால் நிற்கும் அறுபத்து நான்கு பேருக்கு எரிச்சலாக முடிகிறதென்றால், அந்த ஓய்வுக்கு விலை கொடுப்பவர் வேறு யாரோ என்பது வெளிப்படை. ஓடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆற அமர நடக்கட்டும், மரங்களைப் பார்க்கட்டும், நண்பரோடு பேசட்டும். மற்றவர் அடிக்கும்போதே தன் அடியைப் பற்றி எண்ணி, தன் முறை வரும்போது ஆயத்தமாக நிற்கட்டும் என்பதே வேண்டுகோள்.

விதிகளும் இதையே கூறுகின்றன. உலகெங்கும் கோல்ஃப் விதிகளை வகுக்கும் இரு அமைப்புகளும் 2019 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், தடையின்றி அடிக்கக்கூடிய நிலை வந்தபின் 40 விநாடிக்குள் அடித்துவிடுமாறு பரிந்துரைத்தன. வழக்கமாக அதற்கும் முன்பே அடித்துவிட முடியும் என்றும் சேர்த்துக் கூறின. காணாமற்போன பந்தைத் தேட இருந்த ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைத்தன. ஸ்காட்லாந்தின் லீத் நகரில் 1744-இல் எழுதப்பட்ட 13 விதிகளுள் ஒன்று, குழிக்கு மிகத் தொலைவில் பந்து கிடப்பவரே முதலில் அடிக்க வேண்டும் என்பது. அந்த வரிசை மரபு இன்றும் உண்டு. ஆயினும் அடிகளை எண்ணி ஆடும் ஆட்டத்தில், ஆபத்தில்லாத வகையில், ஆயத்தமாக இருப்பவர் முந்தி அடிப்பதை 2019-ஆம் ஆண்டின் விதிநூல் ஊக்குவித்தது. முன்னூறு ஆண்டை நெருங்கும் மரபே பிறர் நேரத்துக்காக வளைந்து கொடுத்திருக்கிறது. தனிமனிதரின் பழக்கம் வளையக்கூடாதா?

"பணம் கட்டியிருக்கிறேன், என் விருப்பப்படி ஆடுவேன்" என்பது இரண்டாம் வாதம். ஆடுவதற்கான இடத்தையும் வாய்ப்பையும் நீங்கள் வாங்கினீர்கள். பின்னால் வருவோரின் மாலைப்பொழுதை உங்களுக்கு யாரும் விற்கவில்லை. கோல்ஃப்பின் தாயகமாகப் போற்றப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ், திருத்தூதர் அந்திரேயாவின் பெயர் தாங்கிய நகர். அதன் கடலோரப் புல்வெளியில் ஊர்மக்கள் கோல்ஃப் ஆடும் உரிமையை 1552-இல் எழுத்தில் உறுதிசெய்தவர் அந்நகரின் கத்தோலிக்கப் பேராயர் ஜான் ஹாமில்டன். அங்குள்ள பழைய களம், சில பெரும் போட்டிகளின் காலம் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு மூடப்படுகிறது. ஊரார் அதில் உலாவுகின்றனர். களம் பொதுவானது, அதில் எல்லாருக்கும் பங்குண்டு என்ற எண்ணம் இவ்விளையாட்டின் வேரிலேயே இருக்கிறது. கட்டணச் சீட்டு அந்த வேரை வெட்டிவிடுமா?

மூன்றாம் வாதம்: "தொலைக்காட்சியில் பெரிய ஆட்டக்காரர்களைப் பாருங்கள், அவர்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றனர்!" ஆம், பார்த்திருக்கிறோம். 2013-இல் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் சீனத்தைச் சேர்ந்த குவான் டியன்லாங் ஆடினான். வயது 14, ஊதியம் பெறாத ஆட்டக்காரன். நேரம் கடத்தியதற்காக அவனுக்கு ஓர் அடி தண்டனையாகக் கூட்டப்பட்டது. சிறுவன் தீர்ப்பை மதித்து ஏற்றான். அடுத்த சுற்றுகளுக்கும் தேர்வானான். 2019-இல் மற்றொரு பெரும்போட்டியில், ஏறக்குறைய எட்டடித் தொலைவிலிருந்து பந்தைக் குழிக்குள் தள்ள, பிரைசன் டிஷாம்போ என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். சக ஆட்டக்காரரே வெளிப்படையாகக் கண்டித்தனர். தண்டனை அடி எதுவும் இல்லை. சிறுவனுக்கு விதி, பெரியவருக்குச் சலுகை என்றால், அதைக் கண்டு பழகுவோர் எதைக் கற்பார்கள்? இருப்பினும், பெரியவர் தவறினார் என்பது நமக்கு இசைவாணை ஆகாது. அவர்களுக்கு அது வாழ்வுத் தொழில். உங்களுக்கோ ஒரு சனிக்கிழமை.

குற்றம் முழுவதும் ஆட்டக்காரருடையது என்றும் சொல்லமாட்டேன். வருவாய் கருதி அணிகளுக்கிடையே போதிய இடைவெளி விடாமல் அனுப்பும் நிருவாகமும் இதில் பங்காளி. ஆட்டத்தின் வேகத்துக்குக் கொள்கை வகுக்கும் பொறுப்பை விதிநூலே நடத்துவோரிடம் ஒப்படைத்திருக்கிறது. கொள்கை எழுதிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் போதாது. பெரும்புள்ளியிடமும் அதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது ஒன்றுண்டு. பின்னால் நிற்கும் ஆட்டக்காரர் முணுமுணுக்கலாம், நிருவாகத்தில் முறையிடலாம். சுமப்பாளர் எதைச் செய்வார்? நம் நாட்டுக் களங்களில் சுற்றொன்றுக்கு இவ்வளவு என்பதே பெரும்பாலும் அவருடைய கூலி. நான்கு மணி நேரமானாலும் ஆறு மணி நேரமானாலும் அதே தொகை. சுற்று நீண்டால் அன்றைய இரண்டாம் சுற்று போயிற்று. அரை நாள் வருமானம் போயிற்று. வாய் திறந்தால் நாளை அழைப்பு வராது. ஆகவே, தோளில் பையோடு, முகத்தில் பணிவோடு, நிற்கிறார். மெதுவான ஆட்டத்தின் விலையை இறுதியில் செலுத்துபவர், அதைச் செலுத்த மிகவும் இயலாதவரே. நீதியான கூலியைப் பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே உலகுக்கு எழுதினார். நாம் இன்னும் தொழிற்சாலை வாயிலில் மட்டும் அதனை நினைவுகூர்கிறோம்.

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையை எண்ணிப் பாருங்கள். மாலையில் வந்தவருக்கும் முழுக் கூலி கொடுத்த அந்த உரிமையாளரின் தாராளத்தைப் பற்றி நாம் அடிக்கடி மறையுரை ஆற்றுகிறோம். கடைசியில் வந்தோர் அதுவரை என்ன செய்துகொண்டிருந்தனர்? சந்தைவெளியில் நாள் முழுவதும் காத்து நின்றனர். காத்திருந்த நேரமும் ஒரு மனிதனின் வாழ்நாளில் ஒரு பகுதியே என்பதை அந்த உரிமையாளர் உணர்ந்திருந்தார் என்றே நான் அவ்வுவமையை வாசிக்கிறேன். அவர் முதலில் செய்தது, வெளியே சென்று, நிற்பவர்களைக் கண்ணெடுத்துப் பார்த்ததுதான்.

ஆகவே, களத்துக்குச் செல்லும் கிறிஸ்தவ அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். உங்கள் முறை வருமுன் முடிவெடுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பின்னால் வருவோர் விரைவானவர்கள் எனில் வழிவிடுங்கள். ஆட்டம் நீண்டுவிட்டால், நீண்ட நேரத்துக்கும் சுமப்பாளருக்குக் கூலி கொடுங்கள். அது அன்பளிப்பு அன்று, கடன்.

இவ்வளவும் எழுதியபின், யாரோ என் தோளைத் தட்டுவது போல் உணர்கிறேன். "சாமி, உங்கள் மறையுரை?" நேர்மையான கேள்வி. மறையுரை பத்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் கேட்டுக்கொண்டார். 2024-இல் அதையும் எட்டு நிமிடமாகக் குறைத்தார். பீடத்தருகே நின்று பேசும் நானும், எழுந்து போக இயலாதவர்களின் நேரத்தைக் கையில் வைத்திருப்பவனே. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்த தாயும், பத்து மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய தொழிலாளியும் எனக்கெதிரே பொறுமையோடு அமர்ந்திருக்கின்றனர். முன்கூட்டியே ஆயத்தம் செய்யாத நாள்களில்தான் என் உரை நீள்கிறது என்பதை ஆண்டவர் அறிவார், மக்களும் அறிவர்.

ஆதலால் இத்திருத்தத்தை என்னிடமிருந்தே தொடங்குகிறேன். வரும் ஞாயிறு முதல் எட்டு நிமிடம். முன்வரிசையில் அமரும் அந்தப் பெண்ணின் தந்தையிடம் கடிகாரத்தை ஒப்படைத்திருக்கிறேன்.