எத்தனை மணிக்குச் செத்தார்கள்?



1991 ஆகஸ்ட் 6. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டம், சுண்டூர். பட்டப்பகலில் துரத்தித் துரத்தி எட்டு தலித்துகளை வெட்டினார்கள். பிணங்களைச் சாக்கில் கட்டிக் கால்வாயில் வீசினார்கள்.

ஊரிலேயே அமைத்த தனி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2007 ஜூலை 31இல். பதினாறு வருஷம்! 21 பேருக்கு ஆயுள். 2014 ஏப்ரலில் ஆந்திர உயர்நீதிமன்றம் அத்தனை பேரையும் விடுதலை செய்தது. செத்த நேரம், இடம், வெட்டிய ஆள் எதையும் அரசுத் தரப்பு சரியாக நிரூபிக்கலையாம். (உச்சநீதிமன்றம் அவ்வருஷ ஜூலையில் அதற்குத் தடை போட்டது.)

நான் கேட்கிறேன்: உசுரைக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுறவன் கடிகாரம் பாத்துக்கிட்டா ஓடுவான்? நம்மிடம் மணிக்கணக்குக் கேட்கும் கோர்ட்டு, பதினாறு வருஷக் கணக்கை யாரிடம் கேட்டது? விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று 1979இலேயே ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லியாச்சு. அது சிறையில் கிடந்த விசாரணைக் கைதிகளுக்காக. செத்தவன் சனத்துக்கு?

திருத்திய வன்கொடுமைச் சட்டம் 2016 ஜனவரியில் அமலுக்கு வந்தது. குற்றப்பத்திரிகை போட்ட இரண்டு மாதத்தில் விசாரணை முடியணும். 'கூடுமானவரை' என்றொரு சொல்லையும் செருகிவைத்திருக்கிறார்கள். அந்தச் சந்துக்குள்ளேதான் வாய்தா நுழைகிறது.

மாணவத் தோழர்கள் கோர்ட்டுக்குப் போய் உட்காருங்கள். எந்த வாய்தாவை யார் கேட்டார், எதற்குக் கேட்டார் என்று தேதிபோட்டு எழுதிவையுங்கள்.