தறி ஓய்ந்தபோது கொல்லை தந்தது

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை காஞ்சிபுரத்தில் நிற்க இடமில்லை. அத்திவரதரைக் காண 48 நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்துபோனார்கள். அடுத்த பங்குனியில் அதே தெருக்களில் ஆள் நடமாட்டமே இல்லை. தமிழ்நாட்டின் முதல் கொரோனா தொற்று 2020 மார்ச் 7 அன்று இந்த ஊர்க்காரர் ஒருவருக்குத்தான் உறுதியானது. மார்ச் 24 மாலை மாநிலத்தில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் நாடே அடங்கியது. பக்தர்களுக்கு அடைக்கப்பட்ட கோயில்கள் முழுமையாகத் திறக்க செப்டம்பர் பிறக்க வேண்டியிருந்தது.

தறி வீட்டுக்குள்தானே இருக்கிறது, நெய்வதற்கு என்ன தடை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வர வேண்டும். லாரி ஓடவில்லை. கையிலிருந்த பாவு தீர்ந்ததும் தறி நின்றது. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றானபின், சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பியிருந்த புடவை வியாபாரமும் படுத்துவிட்டது. பிள்ளையார்பாளையத்திலும், வாலாஜாபாத் சாலையில் உள்ள அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களிலும் விடியற்காலையிலிருந்து கேட்கும் தறிச் சத்தம் அடங்கியது.

அந்த மாதங்களில் பல குடும்பங்கள் திரும்பிப் பார்த்த இடம் கொல்லைப்புறம்.

பழைய நெசவாளர் வீட்டின் அமைப்பே அதற்குத் தோதானது. முன்னால் திண்ணை, உள்ளே தறி போட்ட கூடம், அதற்குப் பின் அடுக்களை, கடைசியில் கிணறும் துவைக்கிற கல்லும் உள்ள கொல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற வழியில் ஒரு வாழையோ கறிவேப்பிலையோ தானாகவே நிற்கும். ஊரடங்கில் அதனருகே பழைய பெயிண்ட் வாளிகளும் உடைந்த குடங்களும் அரிசிச் சாக்குகளும் வந்து சேர்ந்தன.

தேவையும் நெருக்கியது. 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, சில நாட்களில் திருமழிசைக்கு மாறியது. சென்னையும் சுற்றியுள்ள மாவட்டங்களும் காய்க்கு எந்த அளவுக்கு ஒரே சந்தையை நம்பியிருந்தன என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. உருளையும் வெங்காயமும் நான்கு நாள் தாங்கும். கீரை தாங்காது, காலையில் பறித்தது மாலைக்குள் துவண்டுவிடும். அதனால் வீட்டுத் தோட்டத்தின் முதல் பயிர் கீரையாக இருப்பதே நியாயம்.

விதைக்கும் கடை தேட வேண்டியதில்லை. அஞ்சறைப் பெட்டியே போதும். வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் மூன்றாம் நாளே முளை தெரியும், 25 நாட்களுக்குள் கூட்டுக்குப் பறிக்கலாம். தனியாவை முழுசாகப் போட்டால் முளைப்பு மந்தம். துணியில் போட்டு உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, இரண்டாகப் பிளந்து விதைக்க வேண்டும். கிள்ளிய புதினாத் தண்டும் அழுகிய தக்காளியும் வற்றல் மிளகாயின் விதையும் அப்படியே செடியாகும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்துவந்தால் ஒரே பாத்தி மாதக்கணக்கில் தழைக்கும்.

இதைப் படிக்கிற அளவுக்குச் செய்வது எளிதல்ல. ஊரடங்கு வந்ததே தவறான பருவத்தில். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அதற்குள் அக்னி நட்சத்திரம். மே மாத வெயிலில் கொத்தமல்லி முளைத்த வேகத்தில் கருகும். வெண்டையிலும் செம்பருத்தியிலும் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி படியும்; சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தாலும் ஒரு தடவையில் போகாது. பழைய புடவையைக் கட்டி நிழல் கொடுத்து, காலை மாலை தண்ணீர் ஊற்றினால்தான் பிழைக்கும்.

இந்தப் பாடுதான் மனதுக்கு மருந்தாகவும் இருந்தது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், தோட்டம் வைத்திருந்த 30 பேருக்கு முதலில் மன அழுத்தம் தரும் வேலை ஒன்று கொடுக்கப்பட்டது. அதன்பின் பாதிப் பேர் அரை மணி நேரம் செடிகளோடு வேலை செய்தார்கள், மீதிப் பேர் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் சுரப்பு இரு தரப்பிலும் குறைந்தாலும், தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அதிகம் குறைந்தது. மனநிலையும் அவர்களுக்கே பழையபடி மீண்டது. 2017இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மற்றோர் ஆய்வும், தோட்ட வேலை மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கிறது என்றே கண்டது.

நெசவாளருக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. குழித்தறியில் உட்கார்ந்தவர் காலையிலிருந்து மாலைவரை எத்தனை அங்குலம் ஏறியது என்பதைக் கண்ணால் பார்த்தே பழகியவர். வேலை நின்றால் கூலியோடு அந்தப் பார்வையும் போய்விடுகிறது. நெருக்கமாக முளைத்த நாற்றைக் கலைத்துவிடுவதும், புடலங்கொடியின் நுனியைக் கயிற்றில் ஏற்றிவிடுவதும் பாவு பிணைப்பதைப் போலப் பொறுமையான விரல் வேலை. நேற்று இல்லாத இலை இன்று இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைத்தது. பகலெல்லாம் அரையிருட்டுக் கூடத்தில் குனிந்திருந்த முதுகுக்கு வெயிலும் கிடைத்தது.

ஆனாலும் கீரை வாடகையைக் கட்டாது, கடனை அடைக்காது. நெசவாளர்களின் வருமான இழப்புக்குக் கொல்லைத் தோட்டத்தைப் பதிலாகச் சொல்வது கொடுமை. ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கொல்லையும் இல்லை. தோட்டம் தந்தது அடுப்புக்குக் கொஞ்சம், மனதுக்கு நிறைய. அதற்குமேல் அதன் தலையில் சுமத்தக் கூடாது.

உலகமெங்கும் அதே சமயத்தில் மக்கள் மண்ணைத் தேடிப் போனார்கள். அமெரிக்காவின் பர்ப்பி விதை நிறுவனம், 1876இல் தொடங்கியது முதல் இல்லாத அளவுக்கு 2020 மார்ச்சில் விதை விற்றதாக அறிவித்தது. சிங்கப்பூர் அரசு அதே ஆண்டு வீடுகளுக்குக் காய்கறி விதைப் பொட்டலங்களை இலவசமாக அனுப்பியது. கேரளம் ‘சுபிக்ஷ கேரளம்’ என்று ஒரு திட்டமே தொடங்கியது. இலங்கையில் 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது, வீட்டில் பயிரிடுங்கள் என்று அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பே கொடுத்தார்கள்.

தமிழ்நாடு தாமதித்தது. 2021 மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு. கடைகள் அடைக்கப்பட்டு, தோட்டக்கலைத் துறை வண்டிகளில் காய்கறி தெருத் தெருவாக வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் பயிரிட அதே துறை தந்த மானியத் தொகுப்புகள் புதிய திட்டமாக அறிமுகமானது அந்த ஆண்டு டிசம்பரில்தான். நகரத்தாருக்கு 900 ரூபாய் மதிப்புள்ள மாடித் தோட்டத் தொகுப்பு 225 ரூபாய்க்கு: ஆறு வகை விதை, ஆறு பை, தென்னை நார்க் கட்டிகள், உயிர் உரம், வேம்பு மருந்து, கையேடு. கிராமத்தாருக்கு 12 வகைக் காய்கறி விதை 15 ரூபாய்க்கு. முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி உள்ளிட்ட எட்டுச் செடிகள் 25 ரூபாய்க்கு.

காஞ்சிபுரம் இந்தப் பிரிவினையில் இடறியது. 2021இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர் இது; ஆகவே கணக்கில் நகரம். ஆனால் நெசவாளர் தெருக்களில் இன்னும் ஓட்டு வீடுகள் நிற்கின்றன. ஓட்டின்மேல் பை வைக்க முடியாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது 15 ரூபாய் விதைதான்; அதுவோ கிராமங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. கிணற்று நீரையும் கவனிக்க வேண்டும்: சாயப்பட்டறைக்கு அருகில் இருக்கும் கிணறுகளின் நீரைச் சோதிக்காமல் கீரைக்கு ஊற்றச் சொல்லக் கூடாது. இன்னொரு பக்கம், பாகம் பிரித்து வீட்டைக் கட்டும்போது முதலில் சிமெண்ட் பூசி மூடப்படுவது கொல்லைதான்.

நெசவாளரிடம் விதையைக் கொண்டுசேர்க்க ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது: பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள். பாவும் ஊடையும் வாங்க உறுப்பினர்கள் அங்கே வந்துதான் ஆக வேண்டும். தோட்டக்கலைத் துறை நகரம், கிராமம் என்று பார்க்காமல், ஆடி பிறப்பதற்கு முன்பே அந்தச் சங்கங்களில் மலிவு விலை விதைப் பொட்டலத்தை வைக்க வேண்டும். கிணற்று நீரைச் சோதித்துத் தரும் பொறுப்பை மாநகராட்சி ஏற்க வேண்டும். இன்னொரு ஊரடங்கு வரட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.